1913 டெர்பியில் குதிரை சாகவில்லை

பந்தய மைதானங்களில் பார்வையாளர்கள் அத்துமீறுவதற்கு உதாரணமாக ஒரு கதை சொல்லப்படுகிறது: 1913-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தின்போது, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி டேவிசன் ஓடுபாதையில் இறங்கியதில் மன்னரின் குதிரையும் அதை ஓட்டிய ஜாக்கியும் அங்கேயே இறந்துபோனார்களாம். பலரும் அதை அப்படியே பகிர்ந்தும் வருகிறார்கள். அது சரியல்ல.

அன்று உயிருக்கு ஆபத்தான காயம் பட்டது டேவிசனுக்குத்தான். ஜூன் 4 அன்று மோதல் நடந்தது. நினைவு திரும்பாமலே ஜூன் 8 அன்று எப்சம் மருத்துவமனையில் அவர் இறந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் குதிரையான ஆன்மர் கீழே விழுந்து புரண்டது உண்மை. ஆனால் அது எழுந்து, ஆள் இல்லாமலே மீதித் தூரத்தையும் ஓடி முடித்தது. ஜாக்கி ஹெர்பர்ட் ஜோன்ஸுக்கு அடிபட்டது, பிறகு குணமாகித் திரும்பவும் குதிரையேறினார்.

சரிபார்ப்பதும் எளிது. அந்தப் பந்தயத்தைச் செய்திப்படக் கேமராக்கள் பதிவு செய்தன. 'எமிலி டேவிசன் 1913 டெர்பி' என்று தேடினால் அந்தப் படம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடுகிற மோதல் அது, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அப்புறம், ஜோன்ஸ் எந்த ஆண்டில் இறந்தார் என்று தேடிப் பாருங்கள்: 1951.

டேவிசன் செய்தது சரியா தவறா என்று தாராளமாக வாதிடலாம். செத்துப்போகாத குதிரையையும் மனிதரையும் மட்டும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டாம்.