அக்யுமுலேட்டர் ஃபெதர் செய்வதற்கு இல்லை

'இன்ஜின் நின்றால் அக்யுமுலேட்டர்தான் ப்ரொப்பெல்லரை ஃபெதர் செய்யும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி அப்படியே தலைகீழ். ஃபெதர் என்றால் நின்ற இன்ஜினின் பிளேடுகள் காற்றைத் தடுக்காதபடி அவற்றின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைப்பது; அக்யுமுலேட்டர் என்பது ஆயிலை அழுத்தத்தோடு சேமிக்கும் சிறு கலன். பைப்பர் செமினோல் மாதிரி சிறிய இரட்டை இன்ஜின் விமானங்களில் ஆயில் அழுத்தம்தான் பிளேடுகளைத் தட்டையான கோணத்தில் பிடித்து வைத்திருக்கிறது; பைலட் ப்ரொப்பெல்லர் லீவரைப் பின்னே இழுத்து அந்த ஆயில் வடிந்ததும், ஹப்பில் (ப்ரொப்பெல்லரின் மையப் பகுதி) உள்ள ஸ்பிரிங்கும் நைட்ரஜனும் பிளேடுகளைத் திருப்பி, விளிம்பு காற்றை வெட்டும்படி நிறுத்திவிடும். அக்யுமுலேட்டரின் வேலை அதற்கு அப்புறம்தான், பிளேடுகளை ஃபெதரிலிருந்து மீட்கும்போது. அந்தக் கலனுக்குள் ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் கவர்னர் (ப்ரொப்பெல்லர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அனுப்பிய ஆயில், ஃபெதர் செய்யும்போது வால்வு மூடி அதை அழுத்தத்தோடு அடைத்து வைக்கும். லீவரை முன்னே தள்ளினால் ஆயில் ஹப்புக்குப் பாய்ந்து, பிளேடு திரும்பி, காற்றே ப்ரொப்பெல்லரைச் சுற்றிவிடும். இந்த வசதி இல்லையென்றால் ஸ்டார்ட்டரால்தான் இன்ஜினைச் சுற்ற வேண்டும்.

தயவுசெய்து அதை ஃபார்வர்டு செய்யாதீர்கள். தானாக ஃபெதர் ஆகும் என்று மாணவர் காத்திருந்தால், செமினோலில் 950 ஆர்பிஎம்முக்குக் கீழே பிளேடுகள் ஃபெதருக்குத் திரும்பாமல் தடுக்கும் லாக் பின் விழுந்துவிடும், பிறகு லீவரை இழுத்தும் ஃபெதர் ஆகாது.