அத்தை எந்த ஊரு கணக்குல வருவாங்க?

எங்க அத்தை வடசென்னை காசிமேட்டுலயே பொறந்து வளந்து நாப்பது வருஷம் மீன் கூடை தூக்குனவங்க. வீட்ட இடிச்சப்புறம் பெரும்பாக்கத்துல ஆறாவது மாடியில வீடு குடுத்தாங்க. அங்க போயி மூணாவது வருஷம் கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு வந்து அப்புறம் அது புண்ணாச்சு, காரம் பட்டா எரியுதுன்னு வெறும் மோர் சாதமாவே சாப்ட்டுட்டு இருந்திருக்காங்க, யார்கிட்டயும் வாய தொறந்து சொல்லல. கடைசியில வாயே தொறக்க முடியாம போனப்போதான் கூட்டிட்டுப் போனோம், கேன்சர்னாங்க. அட்மிஷன்ல அட்ரஸ் கேட்டாங்க, நான் ஆதார் கார்ட நீட்டுனேன். பெரும்பாக்கம், பிளாக் நம்பர், அவ்ளோதான் எழுதுனாங்க.

அந்த ஒரு வரிதான் இப்போ என் மனசப் போட்டு அறுக்குது.

சென்னையில கேன்சர் கணக்கு எடுக்குறது இன்னிக்கு நேத்து வேலை இல்லங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல இருக்குற பதிவேட்டுக்காரங்க 1982லேர்ந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயி கேஸ் ஃபைலப் பாத்து எழுதிட்டு வர்றாங்க. கர்ப்பப்பை வாய் கேன்சர் கொறையுது, மார்பகக் கேன்சர் ஏறுதுன்னு நமக்குத் தெரியுறதே அவங்க உழைப்புனாலதான். ஆனா ஒரு ஊர்ல கொறஞ்சது ஒரு வருஷம் குடியிருந்தாத்தான் அந்த ஊர் ஆளா எடுத்துப்பாங்க, அது சரியான விதிதான், இல்லன்னா வைத்தியத்துக்கு வந்து தங்குறவங்க எல்லாம் சென்னைக் கணக்குல ஏறிடுவாங்க. அந்த விதிப்படி பாத்தா எங்க அத்தை செங்கல்பட்டு மாவட்டத்துக் கணக்கு. இந்த நோயி ஒரு நாள்ல வர்றது இல்ல, வருஷக்கணக்கா உள்ள வளருது. அவங்க வெத்தலையோட போயில அடக்குனதும், அடுப்புப் புகையும் லாரிப் புகையும் குடிச்சதும் வடசென்னையில.

எங்க பக்கம் எப்பவும் ரெண்டு பேச்சு. ஒருத்தர் எல்லாமே மணலி கம்பெனி புகைம்பாரு, இன்னொருத்தர் மாவா, அதான் போயில கலந்த பாக்கு, போடுறான் வருதும்பாரு. காத்து மாசே கேன்சர உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆராய்ச்சி அமைப்பு 2013லயே சொல்லிடுச்சு, போயில பத்தி சொல்லவே வேணாம். எந்தத் தெருவுல எது அதிகம்ங்குறதுதான் கேள்வி. எந்த வார்டுல எந்தக் கேன்சர் எத்தன பேருக்குன்னு மேப் போட்டா அதுவே காரணத்த நிரூபிச்சிடாது, ஆனா எங்க போயி தேடணும்னு காட்டும். நுரையீரல் கேன்சர் ஒரு பக்கம் குவிஞ்சா காத்தப் பாருங்க, வாய் கேன்சர் குவிஞ்சா பல் டாக்டர அங்க அனுப்புங்க.

வார்டு வார்டா எண்ணுனா நம்பர் சின்னதா இருக்கும், ஒரு வருஷம் ரெண்டு பேரு அடுத்த வருஷம் ஏழு பேருன்னு குதிக்கும், அதுக்காக அஞ்சாறு வருஷத்த சேத்துப் போடணும், வயசானவங்க அதிகமா இருக்குற வார்டுக்கு அதையும் கழிச்சுப் பாக்கணும். எனக்கு இன்னொரு மேப்பும் வேணும், அதுதான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன்: யார் யார் எந்த ஸ்டேஜ்ல வந்து சேந்தாங்கன்னு. முத்திப்போயி வர்றவங்க அதிகமா இருக்குற வார்டுக்குத்தான் ஸ்கிரீனிங் கேம்ப் மொதல்ல போவணும். எங்க அத்தை வாயில அந்த வெள்ளைத் திட்டு மாசக்கணக்குல இருந்துச்சு, ஒரு நர்ஸம்மா டார்ச் அடிச்சுப் பாத்திருந்தா போதும்.

அதனால ஆஸ்பத்திரி ஃபாரத்துல இப்போ இருக்குற அட்ரஸுக்குக் கீழ ஒரு கட்டம் போடுங்க, இங்க எத்தன வருஷம், அதுக்கு முன்னாடி எங்கன்னு. அது வர்ற வரைக்கும் கூடப் போற நம்ம பசங்க கேக்காமலே சொல்லுங்க, காசிமேடு, நாப்பது வருஷம்னு ஃபைல்ல எழுத வைங்க.