கிளட்ச் பிடிக்கத் தெரியாத டிரைவர்களாம்!

ஊட்டி மலைப்பாதையில் கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவில் அந்த பிக்கப் லோடு வண்டி ஏற முடியாமல் திணறிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்டியைவிட கீழே வந்த கமெண்டுகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். "இவனுக்கெல்லாம் யாருய்யா லைசென்ஸ் கொடுத்தது", "மொதல்ல கிளட்ச் பிடிக்கக் கத்துக்கடா". ஒரே ராத்திரியில் நாட்டில் இத்தனை ஆர்டிஓக்கள் உருவானது மகிழ்ச்சி.

யாராவது அதைச் சத்தம் வைத்துக் கேட்டீர்களா? கிளட்ச் தேய்ந்து வழுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி நகராது, கருகல் வாடை மூக்கைத் துளைக்கும். இதில் இன்ஜின் கத்தவே இல்லை. முனகிக்கொண்டே கிடக்கிறது. அந்த மேட்டில், பின்னால் இத்தனை பேர் ஹாரன் அடிக்கும்போது, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் உட்கார்ந்திருக்க அந்த டிரைவருக்கு என்ன வேண்டுதலா?

இப்போது வரும் டீசல் பிக்கப்பில் ஆக்சிலேட்டர் கேபிள் கிடையாது. பெடலில் இருப்பது சென்சார். கால் கேட்கும், அவ்வளவுதான். கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது இசிஎம் பெட்டி, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இன்னும் வேகம் பிடித்திருக்காது, உள்ளே போகும் காற்று குறைவு. அந்த நேரம் டீசலை அள்ளி அடித்தால் கரும்புகை கக்கும். அதனால் காற்றுக்கு ஏற்ற அளவுதான் டீசல் என்று பெட்டிக்குள் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். ஏர் ஃப்ளோ சென்சாரில் அழுக்கு படிந்து காற்றைக் குறைத்துக் காட்டினாலும், அந்தக் கணக்கே தப்பாக ஏற்றப்பட்டிருந்தாலும் கதி ஒன்றுதான்: முழுசாக மிதித்தாலும் வண்டி இழுக்காது. டேஷ்போர்டில் கோளாறு காட்டும் செக் லைட் எரிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை. நானும் பிக்கப் ஓட்டுகிறவன்தான். என் வண்டியை சர்வீஸுக்கு விட்டபோது "அப்டேட் வந்திருக்கு, போட்டுட்டோம்" என்று அந்தப் பெட்டியின் சாஃப்ட்வேரை மாற்றிக் கொடுத்தார்கள். மறுநாளே மேட்டில் ஃபர்ஸ்ட் கியரில் அழுதது. திரும்பக் கொண்டுபோனால், "எரர் கோடு எதுவும் இல்லைங்க, நீங்க ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுறீங்க" என்று கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் மாற்றி பில்லை நீட்டினார்கள். வண்டி அப்படியேதான் இருந்தது. கடைசியில் காரமடையில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி ஸ்கேனரை மாட்டி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்னை ஓட்டச் சொன்னார். கோடு தேடவில்லை. ஓடும்போது வரும் லைவ் டேட்டாவைப் பார்த்தார். பெடல் நூறு சதவீதம் என்று காட்டுகிறது, டார்க் லிமிட், அதாவது இன்ஜின் இழுவைக்குப் பெட்டி விதிக்கும் உச்சவரம்பு மட்டும் கீழேயே நிற்கிறது. "அண்ணா, நீங்க கேக்குறீங்க, அது குடுக்க மாட்டேங்குது" என்றார். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டரில் போய் நின்ற பிறகுதான், இதே வண்டியின் வேறு வேரியண்ட்டுக்கான சாஃப்ட்வேர் ஃபைலை ஏற்றியிருந்தது தெரிந்தது. சரியான ஃபைலைப் போட்டார்கள், வண்டி இழுத்தது. கிளட்ச் காசு? அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

"பிஎஸ் 6 வந்தா அப்படித்தான், சுற்றுச்சூழல் முக்கியம் இல்லையா" என்று ஒருவர் வருவார். முக்கியம்தான். வண்டிப் புகைக்கு 2020 ஏப்ரலில் வந்த விதி, நல்ல விதி, என் பிள்ளையும் இதே காற்றைத்தான் சுவாசிக்கிறது. புகையைக் குறைக்கச் சொன்ன சட்டம், தப்பான ஃபைலை ஏற்றச் சொல்லவில்லையே.

"ரீமேப் பண்ணிடுங்க ப்ரோ." பெட்டிக்குள் இருக்கும் கணக்கை வெளியாளை வைத்து மாற்றி எழுதச் சொல்கிறார்கள். ஆமாம் ப்ரோ, வாரண்டியை நீங்க கொடுங்க.

"ஓவர்லோடு ஏத்தியிருப்பான்." இதுதான் வயிற்றெரிச்சல். அந்த டிரைவர் எவ்வளவு ஏற்றினார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? ஓவர்லோடு ஏற்றுகிறவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் லோடு வண்டி நின்றால் ஓவர்லோடு, சொகுசுக் கார் நின்றால் "டெக்னிக்கல் இஷ்யூ" என்பது என்ன நியாயம்? உங்கள் கார் மேட்டில் திணறினால் மேனேஜர் ஓடி வந்து காபி கொடுத்து ஸ்கேனர் மாட்டுவார். எங்களுக்கு ஸ்கேனருக்கு முன்னால் "எப்படி ஓட்டுனே?" என்ற கேள்விதான் வரும். முதல் சந்தேகமே எங்கள் கால் மேல்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 2015-இல் ஃபோக்ஸ்வேகன் விவகாரம் மறந்துவிட்டதா? புகைச் சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் ஒழுங்காகவும் ரோட்டில் வேறு மாதிரியும் நடக்கும்படி அந்தப் பெட்டிக்குள்தான் எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் ரோட்டில் ஓடும் வண்டியில் கருவி மாட்டி அளந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் கமெண்ட் போடவில்லை. நம் ஊரில் 2022-இல் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' (பழுதுபார்க்கும் உரிமை) என்று போர்ட்டலே தொடங்கியது, வாகனங்களும் அதில் உண்டு. ஆனாலும் என் வண்டிக்குள் என்ன ஃபைல் இருக்கிறது என்று நான் கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க" என்றுதான் பதில் வருகிறது. தவணை கட்டும்போது மட்டும் எல்லாம் புரிய வேண்டும்.

அந்த வளைவில் இறங்கி டயருக்குக் கல் வைத்தாரே, அந்தக் கிளீனர் பையனைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. வண்டி பின்னால் உருண்டிருந்தால் வீடியோ எடுத்தவரின் பம்பர் என்ன ஆகியிருக்கும்?

கமெண்டில் "நீ எத்தனை டன் ஏத்துவே" என்று கேட்கத் துடிப்பவர்களுக்கு: எடை மேடை ரசீது வண்டியிலேயே இருக்கிறது, மேட்டுப்பாளையம் மண்டிக்கு விடியற்காலையில் நேரில் வாங்க. கிளட்ச் பிளேட் பில்லையும் சேர்த்தே காட்டுகிறேன்.