ஒத்திகைக்குக் காசு கொடுங்கள்

இலங்கையில் நல்லிணக்கக் கலைவிழா என்றால் ஒரு கண்டிய நடனம், ஒரு பரதம், முஸ்லிம் குழுவின் ஒரு ரபான் மேளம். முடிவில் எல்லாரும் கைகோத்து ஒரு படம். மூன்று பஸ்ஸில் வந்தவர்கள் அதே மூன்று பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். அடுத்தவர் மொழியில் ஒரு சொல்கூட யார் வாயிலும் ஏறியிருக்காது. இந்தச் செலவை நிறுத்தி, அந்தப் பணத்தை ஒத்திகைக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் தொடங்கிய 'ஜன கரலிய' நாடகக் குழுவைப் பாருங்கள். தமிழில் மக்கள் களரி. சிங்கள, தமிழ் நடிகர்கள் ஒன்றாகத் தங்கி, நகரும் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போகிறார்கள். அதே நடிகர்கள்தான் இரண்டு மொழியிலும் நடிக்கிறார்கள்.

மாற்றம் நடப்பது வாய்க்குள். சிங்களப் பேச்சில் லகர ளகர வேறுபாடு இல்லை; 'பள்ளி' என்று சொல்ல முயன்றால் 'பல்லி' வந்து விழும். தமிழருக்கு வேறு சிக்கல். சிங்களத்தில் கல்லைக் குறிக்கும் 'கல'வின் முதல் எழுத்தை, 'தங்கம்' என்பதில் வருகிற ககரம் போல ஒலிக்க வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் அழுத்திச் சொன்னால் பொருள் 'செய்த' என்றாகிவிடும். ஒருவர் நாக்கை மற்றவர் திருத்தித் திருத்தி, இருவருமே தடுமாறுகிற அந்த நேரத்துக்கு ஈடான பேச்சரங்கம் கிடையாது.

செய்ய நினைப்பவர்களுக்கு: 12 பேர், பாதிக்குப் பாதி. ஆறு வாரமாவது வேண்டும். முதல் இரண்டு வாரம் பிரதியே வேண்டாம். விளையாட்டும் பாட்டும் போதும். பெரும்பாலும் தமிழ் நடிகருக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும், மறுபக்கம் அப்படியில்லை. அதனால் விட்டுவிட்டால் இரண்டாம் நாளே ஒத்திகை முழுக்கச் சிங்களமாகிவிடும். ஒருநாள் தமிழ், ஒருநாள் சிங்களம் என்று கறாராக வையுங்கள். வசனத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்காதீர்கள், நகைச்சுவை செத்துப்போகும். காட்சியைச் சொல்லி அவரவர் மொழியில் பேசவிட்டு, வாயிலிருந்து வருவதை எழுதுங்கள்.

இன்னொன்று: பிள்ளையைப் பறிகொடுத்த தாயை அவர் கதையையே நடிக்கச் சொல்லாதீர்கள். அது கொடுமை. பழைய கதை ஒன்றை எடுங்கள்; தன் வலியை எவ்வளவு அதில் வைப்பது என்று அவரே முடிவு செய்யட்டும்.

வடிவத்துக்கும் பஞ்சமில்லை. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' (1956), 'நாடகம' என்கிற சிங்களப் பாட்டு நாடக மரபில் எழுந்தது. அந்த மரபோ கரையோரக் கத்தோலிக்கரின் தமிழ்க் கூத்திலிருந்து போனது. அதன் மத்தளத்துக்குச் சிங்களத்திலேயே 'தெமள பெர' என்றொரு பெயர் உண்டு: தமிழ் மேளம். முதல்நாள் ஒத்திகையில் அதை நடுவில் வைத்துத் தொடங்குங்கள்.