எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது?

ப்ரீகாஸ்ட் கட்டடம், அதாவது கான்கிரீட் துண்டுகளை முன்கூட்டியே வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் கட்டடம் என்றாலே தீப்பெட்டி அடுக்கின மாதிரி இருக்கும், உள்ளே ஒரு சுவரைக்கூட நகர்த்த முடியாது என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அதை மொத்த ப்ரீகாஸ்ட் மேலும் கொட்டக் கூடாது. சுவரிலேயே பாரத்தை ஏற்றும் பேனல் முறைமேல்தான் அது திரும்ப வேண்டும்.

கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1914-இல் யோசித்த டொம்-இனோ என்ற கான்கிரீட் சட்டகத்தைப் பாருங்கள். ஆறு தூண்கள், தட்டையான தளங்கள், ஒரு மாடிப்படி, அவ்வளவுதான். பாரம் முழுக்கத் தூணுக்குப் போய்விட்டதால் சுவரை இஷ்டப்பட்ட இடத்தில் வைக்கலாம், வைக்காமலும் விடலாம். உள்ளே சுவர் தடுக்காத ஓப்பன் பிளானுக்கு இதுதான் அடிப்படை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வீடுகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது பல இடங்களில் இதற்கு நேர் எதிராகப் போனார்கள். அறை அளவுச் சுவர்களைத் தொழிற்சாலையில் வார்த்து, சைட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினார்கள். தங்க இடமில்லாத குடும்பங்களுக்குச் சீக்கிரமே வீடு கிடைத்தது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அறைச் சுவரே மேல்மாடியைத் தாங்கும்போது, பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் இரண்டு சின்ன அறைகளை ஒன்றாக்க வழியில்லை.

ஆபத்தும் அங்கேதான் இருந்தது. லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடம். 1968 மே 16 காலை 18-ஆவது மாடிச் சமையலறையில் காஸ் வெடித்தது. சுவர் பேனல்கள் வெளியே பிய்த்துக்கொண்டு போயின. மேலே இருந்த தளங்களுக்கு வேறு பிடிமானம் இல்லை, ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அதனால்தான் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கும் விஷயத்தில் நான் பிடிவாதம் பிடிக்கிறேன்.

தூணும் பீமும் வைத்த ப்ரீகாஸ்டிலும் அப்படித்தான். கிரேனில் தொங்கியபடி ஹாலோகோர் ஸ்லாப் என்ற தளப் பலகை இறங்குவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். நீளவாக்கில் ஓட்டைகள், அடியில் இழுத்துப் பிடித்த கம்பிகள். 10 மீட்டரை நடுவில் தூணே இல்லாமல் தாண்டிவிடும். பீம்மேல் ஒரு சிறு விளிம்பில்தான் உட்காரும். பக்கத்து ஸ்லாபோடு சேரும் இடுக்கில் கம்பி வைத்து, கிரௌட் என்ற சிமென்ட் கலவையை நிரப்பி, அது இறுகிய பிறகுதான் எல்லாம் ஒரே தளமாக வேலை செய்யும். அந்த இடுக்கைச் சுத்தம் செய்யாமல் கிரௌட் ஊற்றினால் எனக்குக் கோபம் வரும். எவ்வளவு பெரிய திறந்த கூடமாக இருந்தாலும் நம்பியிருப்பது அந்த நாலு விரல் இடத்தைத்தான்.

சரி, தூணை எடுத்துவிட்டால் போதுமா? அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் ப்ரீகாஸ்ட் துண்டுகளைக் கம்பியால் இறுக்கிக் கோத்து, தூண்களை ஓரத்துக்குத் தள்ளினார்கள். கட்டமைப்பு அற்புதம். ஆனால் உள்ளே வேலை செய்தவர்கள் வெயில் கூசுகிறது என்று ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினார்கள். வெளிச்சத்தையும் சத்தத்தையும் யோசிக்காமல் திறந்து வைத்தால் மனிதர்கள் தாங்களே மறைப்பு தேடிக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்தது நெதர்லாந்தின் அபெல்டோர்னில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் கட்டி 1972-இல் முடித்த சென்ட்ரால் பெஹேர் அலுவலகம். அதுவும் ப்ரீகாஸ்ட், அதுவும் திறந்த அமைப்புதான். ஆனால் ஒரே பெரிய மைதானமாக விடாமல் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்தார். ஊழியர்கள் செடியும் படமும் கொண்டுவந்து தங்கள் மூலையைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள்.

ஆகவே ப்ரீகாஸ்ட் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், பாரம் தாங்கும் சுவர்களை மட்டும் வரைபடத்தில் சிவப்பில் குறித்துத் தரச் சொல்லுங்கள். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவிலேயே சிவப்புக் கோடு ஓடினால், தூணும் பீமும் வைத்த அமைப்பு ஏன் போடவில்லை என்று கேளுங்கள்.