துடிப்பு நம்முடையது, பதிவேடு யாருடையது?

ஃபிட்னஸ் பேண்டோ ஸ்மார்ட்வாட்ச்சோ வாங்கப்போகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது பேட்டரி எத்தனை நாள் வரும், வெயிலில் திரை தெரியுமா, மழையில் நனையலாமா என்பவைதான். நியாயமான கேள்விகள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை. இதில் சேருகிற என் தரவை நான் நினைத்தபோது முழுதாக வெளியே எடுக்க முடியுமா? வேறு செயலிக்கு, வேறு வாட்ச்சுக்கு, என் டாக்டரின் மேசைக்குக் கொண்டுபோக முடியுமா? முடியாது என்றால் அந்தக் கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

காரணம் சொல்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தத்துக்காக மாத்திரை மாற்றினார்கள். அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டார்: "மாத்திரை மாற்றுவதற்கு முன்னால் ஓய்வாக இருக்கும்போது துடிப்பு எவ்வளவு இருந்தது?" அம்மா கையில் பேண்ட் கட்டியிருந்த காலம் அது. அந்த எண்கள் ஒவ்வொரு இரவும் பதிவாகியிருந்தன. ஆனால் அதற்குள் அந்த பேண்டை விற்ற நிறுவனம் பழைய செயலியைக் கைவிட்டுப் புதிய செயலி கொண்டுவந்திருந்தது. பழைய பதிவுகள் புதியதில் வரவில்லை. பதிவிறக்கும் வசதி எந்த மெனுவிலும் இல்லை. மின்னஞ்சலுக்குப் பதிலும் இல்லை. அம்மாவின் உடம்பிலிருந்து எடுத்த எண்கள் எங்கோ ஒரு சர்வரில் இருந்தன, அல்லது அழிந்துவிட்டன. டாக்டர் கேட்டபோது எங்கள் கையில் ஒன்றும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இது சின்ன நிறுவனங்களின் குணம் என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறையின் வரலாறே இப்படித்தான். நைக்கி 2014இல் ஃபியூயல்பேண்ட் தயாரிப்பிலிருந்து விலகியது. இன்டெல், சூடேறுகிறது என்ற புகாரால் பேசிஸ் பீக் வாட்ச்சுகளை 2016இல் திரும்பப் பெற்று, அந்தச் சேவையையே மூடியது. ஜாபோன் 2017இல் கலைக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் பேண்டுக்கான இணையப் பக்கத்தையும் செயலியையும் 2019 மே 31 அன்று நிறுத்தியது. பெபிள் வாட்ச்சின் சர்வர்கள் 2018 ஜூனில் அணைந்தன. அதன் பிறகும் அதை ஓடவைத்தவர்கள் ரெபிள் என்ற பெயரில் கூடிய ஆர்வலர்கள். மைக்ரோசாஃப்டாலும் இன்டெலாலும் நீடிக்க முடியாத துறையில், ஆன்லைன் தள்ளுபடியில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் பேண்டின் செயலி ஐந்து வருடம் இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

தரவு எப்படிப் பயணிக்கிறது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் பாய்ந்து, ரத்த ஓட்டத்துக்கேற்பக் கூடியும் குறைந்தும் திரும்பிவருகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து துடிப்பைக் கணக்கிட்டு, புளூடூத் வழியாக நிறுவனத்தின் செயலிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடும். இன்னொரு செயலிக்குக் கொடுக்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, சர்வரிலிருந்து சர்வருக்கு. கார்மின் வாட்ச்சின் கணக்கை, ஓட்டங்களைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியுடன் இணைப்பது இந்த வகை. மற்றொன்று, நம் போனிலேயே இருக்கும் பொதுக் கிடங்கு. ஐபோனில் அது 2014இல் வந்த ஆப்பிள் ஹெல்த். ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட். கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து 2022இல் அறிவித்தது, ஆண்ட்ராய்டு 14 முதல் போனிலேயே உள்ளடங்கி வருகிறது. பழைய கூகுள் ஃபிட்டை நம்பி எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். பிற செயலிகள் அதனோடு தரவு பரிமாறும் வழியான ஏபிஐ-க்குப் புதிய டெவலப்பர்கள் பதிவு செய்வதையே 2024 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

இந்த இரண்டு பாதைகளில் எனக்குப் பிடித்தது போனில் இருக்கும் கிடங்குதான். எந்தச் செயலி எதைப் படிக்கலாம், எதை எழுதலாம் என்பதற்குத் தனித்தனியாக அனுமதி கொடுக்கலாம். உணவுச் செயலிக்கு எடையை மட்டும் காட்டி, தூக்கத்தை மறைக்கலாம். ஒரே இடத்தில் எல்லா அனுமதிகளையும் பார்க்கலாம், பறிக்கலாம். ஆனால் ஹெல்த் கனெக்ட் போனுக்குள்ளேயே இருப்பதால், போன் மாற்றும்போது கவனம் வேண்டும். அதன் அமைப்புகளில் தரவை அவ்வப்போது கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். இன்னொன்று, புதிதாக இணைக்கும் செயலிக்கு, தனி அனுமதி கேட்காத வரை, அனுமதி கொடுத்த நாளுக்கு முந்தைய 30 நாள் வரலாறு மட்டுமே பொதுவாகத் தெரியும். இரண்டு வருடக் கணக்கு உடனே வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இணைத்த முதல் வாரத்திலேயே பலர் சலித்துப்போவது ஒரே விஷயம் இருமுறை பதிவாவதால். போன் சட்டைப்பையில் இருக்கிறது, வாட்ச் கையில் இருக்கிறது. இரண்டும் அடிகளை எண்ணுகின்றன. ஆப்பிள் ஹெல்த்திலும் ஹெல்த் கனெக்டிலும் எந்த மூலத்துக்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்தலாம். வாட்ச்சை மேலே வைத்தால் போதும். ஓட்டங்கள் இரட்டிப்பாவது வேறு கதை. வாட்ச் நிறுவனம் ஸ்ட்ராவாவுக்கு நேராக அனுப்புகிறது, அதே ஓட்டத்தை ஹெல்த் கிடங்கிலும் எழுதுகிறது, அங்கிருந்து மூன்றாவது செயலி ஒன்று எடுத்து மறுபடி ஸ்ட்ராவாவுக்குத் தள்ளுகிறது. ஒவ்வொரு வகைத் தரவுக்கும் ஒரே பாதை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. அந்தப் பாதை வாட்ச் நிறுவனத்திலிருந்து நேராகப் போவதாக இருக்கட்டும், ஸ்ட்ராவாவை நடுவில் வைக்காதீர்கள். 2024 நவம்பரில் ஸ்ட்ராவா தன் விதிகளை மாற்றி, அதிலிருந்து தரவு எடுக்கும் பிற செயலிகள் ஒருவருடைய தரவை அவருக்கு மட்டுமே காட்டலாம் என்றது. பயிற்சியாளரும் பார்ப்பதற்காக ஸ்ட்ராவா வழியாக இணைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள்.

இனி, பகிர முடிந்தாலும் பொருள் மாறிவிடும் எண்களைப் பற்றி. இதை எந்த விளம்பரமும் சொல்லாது, மதிப்புரை எழுதுகிறவர்களும் அதிகம் சொல்வதில்லை. துடிப்புகளுக்கு இடையிலான நேர மாறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் ஹெல்த் அதை எஸ்டிஎன்என் என்ற கணக்கில் வைத்திருக்கிறது. ஹெல்த் கனெக்டும், ஃபிட்பிட், கார்மின், ஊரா போன்றவையும் ஆர்எம்எஸ்எஸ்டி என்ற வேறு கணக்கைப் பயன்படுத்துகின்றன. முதலாவது மொத்தப் பரவலைச் சொல்கிறது, இரண்டாவது அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சொல்கிறது. இரண்டுமே மில்லிசெகண்டில்தான் வரும், இரண்டுக்கும் திரையில் ஒரே பெயர்தான் இருக்கும். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறிய ஒருவர் தன் எண் திடீரென்று சரிந்ததைப் பார்த்து இதயத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படுவதற்கு முன்னால் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தூக்கத்தின் கட்டங்களும் அப்படித்தான். ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தக் கணக்கில் பிரிக்கிறது. காலையில் காட்டும் தயார்நிலை மதிப்பெண், உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று சொல்லும் 'உடல் பேட்டரி' எண் போன்றவை நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. அவை பொதுக் கிடங்குக்கு வருவதில்லை.

கலோரியைப் பகிரவே பகிராதீர்கள் என்பேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017இல் ஏழு கருவிகளை 60 பேரின் கையில் கட்டிச் சோதித்தது. துடிப்பை அளப்பதில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் இருந்தன. எரிந்த கலோரியில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம். அதன் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மணிக்கட்டிலிருந்து கலோரியைக் கணக்கிடுவது அடிப்படையில் ஊகம்தான். அந்த ஊகம் உணவுச் செயலிக்குள் போனதும், 'இன்று இன்னும் இவ்வளவு சாப்பிடலாம்' என்ற அனுமதியாகத் திரும்பிவருகிறது. சர்க்கரை நோயாளி ஒருவர் அதை நம்பி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடலாம்.

சர்க்கரை என்றதும் சொல்லிவிடுகிறேன். ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரையைத் தானாகவே அளக்கும் எந்த ஸ்மார்ட்வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அப்படி விளம்பரம் செய்யும் வாட்ச்சைப் பார்த்தால் அதன் மற்ற எண்களையும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தம் காட்டும் சாம்சங் வாட்ச்சுகளைக்கூட 28 நாளுக்கு ஒருமுறை, மேற்கையில் பட்டை சுற்றி அளக்கும் வழக்கமான ரத்த அழுத்தக் கருவியோடு வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள், அதுவும் சாம்சங் போன் இருந்தால்தான்.

அந்தரங்கத்துக்கு வருகிறேன். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா தன் பயனர்களின் பாதைகளையெல்லாம் சேர்த்து ஒரு உலக வரைபடம் வெளியிட்டது. பெயர்கள் இல்லை, மொத்தக் கோடுகள் மட்டுமே. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர், ஆளரவமற்ற பகுதிகளில் ஒளிரும் கோடுகள் ராணுவ முகாம்களின் வடிவத்தைக் காட்டிக்கொடுப்பதைக் கண்டார். அதே ஆண்டு போலார் என்ற வாட்ச் நிறுவனத்தின் வரைபடத்திலிருந்து படைவீரர்களின் வீடுகளையே கண்டுபிடிக்க முடிந்தது. நாம் படைவீரர்கள் இல்லை என்று சொல்லலாம். தினமும் காலை ஐந்தரைக்குத் தனியாக நடக்கப் போகும் ஒரு பெண்ணின் தெரு, நேரம், திரும்பும் வழி எல்லாமே அவர் எல்லோருக்கும் தெரியும்படி விட்டிருக்கும் பதிவுகளில் இருக்கின்றன. ஸ்ட்ராவாவில் கணக்கு தொடங்கும் பெரியவர்களுக்கு இயல்பான அமைப்பு 'எல்லோருக்கும்' என்பதுதான். அமைப்புகளுக்குள் போய் அதை மாற்றுங்கள், தொடக்க, முடிவு இடங்களை மறையுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களின் போனிலும் அவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்யுங்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதில் நம்மைக் கைவிட்டிருக்கிறது. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் உடல்நலத் தகவல் 'நுண்ணுணர்வுத் தரவு' என்று தனியாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. ஒரு நிறுவனத்திடமிருந்து நம் தரவை எடுத்து இன்னொன்றுக்கு மாற்றும் உரிமையும் அதில் இருந்தது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுமே இல்லை. தரவின் சுருக்கத்தைக் கேட்கலாம், திருத்தக் கேட்கலாம், அழிக்கக் கேட்கலாம். எடுத்துச்செல்லக் கேட்க முடியாது. ஐரோப்பியர்களுக்கு 2018 முதல் அந்த உரிமை இருக்கிறது. கூகுள் ஃபிட்பிட்டை 210 கோடி டாலருக்கு வாங்கியபோதும், அந்தத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, பிற செயலிகளுக்கான இணைப்பை மூடக்கூடாது என்று 10 ஆண்டு நிபந்தனை போட்டுத்தான் ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. விளம்பரத்துக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று கூகுள் பொதுவாகவும் சொல்லியிருக்கிறது. ஆனால் அவர்களுக்கு நிபந்தனையாகக் கிடைத்தது நமக்கு வாக்குறுதியாக மட்டுமே கிடைத்திருக்கிறது. வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டை விட்டுப் போகும்போது நம் பாத்திரம் பண்டத்தை வீட்டுக்காரர் பிடித்து வைத்துக்கொண்டால் சும்மா இருப்போமா? இந்தச் சட்டத்தில் திருத்தம் வர வேண்டும். இதைப் பற்றிப் பேசும் ஒரு நாடாளுமன்ற உறுப்பினராவது தமிழ்நாட்டிலிருந்து வேண்டும்.

எதை வாங்குவது? ஐபோன் வைத்திருந்து, அதிலேயே தொடரும் எண்ணம் இருந்தால் ஆப்பிள் வாட்ச் நல்ல தேர்வு. ஆப்பிள் ஹெல்த்திலிருந்து மொத்தத் தரவையும் ஒரே கோப்பாக எடுக்கலாம். ஆனால் அந்த வாட்ச் ஆண்ட்ராய்டோடு வேலை செய்யாது. சாம்சங்கின் 2021க்குப் பிந்தைய வாட்ச்சுகள் ஐபோனோடு வேலை செய்யாது. அடுத்த போன் எது என்று தெரியாதவர்கள் இரண்டிலும் இயங்கும் கார்மின், அமேஸ்ஃபிட் போன்றவற்றைப் பாருங்கள். கார்மினின் விலை அதிகம்தான். ஆனாலும் ஒவ்வொரு ஓட்டமும் வாட்ச்சுக்குள்ளேயே ஒரு கோப்பாக இருக்கும். 2020 ஜூலையில் இணையத் தாக்குதலால் கார்மினின் சர்வர்கள் பல நாள் முடங்கியபோது, பயனர்கள் யுஎஸ்பி வயரைச் செருகி அந்தக் கோப்பைத் தாங்களே எடுத்து ஸ்ட்ராவாவில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த அளவு சுதந்திரம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கையில் ஏற்கெனவே மலிவான பேண்ட் இருந்து, போன் ஆண்ட்ராய்டாக இருந்தால், கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற திறமூலச் செயலி (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்) அதை ஆதரிக்கிறதா என்று பாருங்கள். கணக்கும் சர்வரும் இல்லாமல் தரவைப் போனிலேயே வைத்திருக்கும். முதலில் இணைப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அணிந்துவிட்டு, தரவைக் கோப்பாகப் பதிவிறக்கிப் பாருங்கள். அதில் துடிப்பு நிமிடவாரியாக இருக்கிறதா, நாளுக்கு ஒரு சராசரி மட்டும்தானா என்று திறந்து பாருங்கள். பதிவிறக்கும் இடமே கிடைக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்திய நிறுவனங்களின் வாட்ச்சுகளில் எதிலிருந்தாவது முழுத் தரவையும் வெற்றிகரமாக எடுத்தவர்கள் இருந்தால், எந்த மாடல், எந்த மெனு, எந்த வடிவக் கோப்பு என்று கீழே எழுதுங்கள். பட்டியலாகச் சேர்த்து இங்கேயே போடுகிறேன்.