லினக்ஸுக்கு மாறும் முன், உங்கள் டிராயிங் எங்கே போகிறது என்று பாருங்கள்

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்ததிலிருந்து, பட்டறை வைத்திருப்பவர்கள், வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பவர்கள் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்) இல்லை, பிராசசரும் பழசு, விண்டோஸ் 11 ஏறாது. சரி, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டாச்சு, படம் வரைய ஆட்டோகேட் மாதிரி என்ன இருக்கு?

இப்படிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இங்க்ஸ்கேப் என்பார் ஒருவர். லோகோ வரைய அருமையான சாமான், ஆனால் ஒன்பது மீட்டர் சுவரை நிஜ அளவிலேயே வரைந்து 1:50-ல் பிரிண்ட் எடுக்க அது செய்யப்பட்டதில்லை. ஃப்ரீகேட் என்பார் இன்னொருவர். நல்ல 3டி மென்பொருள்தான், 2024 நவம்பரில் 1.0 வந்தபிறகு இன்னும் தேறியிருக்கிறது, ஆனால் நாலு ஓட்டை உள்ள ஒரு பேஸ் பிளேட் வரைய வந்தவரை ஒர்க்பெஞ்ச், ஸ்கெட்ச், கன்ஸ்ட்ரெயின்ட் என்று சுற்றவிட்டால் மனுஷன் மறுநாளே திருட்டு விண்டோஸ் தேடிப் போய்விடுவார்.

வெறும் 2டி போதும் என்றால் என் பதில் லிப்ரேகேட். கியூகேட் என்ற இன்னொரு வரைபட மென்பொருளின் இலவசப் பதிப்பிலிருந்து பிரிந்து வந்தது, முதலில் கேடுபுன்டு என்று பெயர். பழைய கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும். li என்று அடித்து 0,0 கொடுத்து, அப்புறம் @200,0 என்றால் 200 மில்லிமீட்டர் கோடு வந்து நிற்கும், ஆட்டோகேட் பழகிய கைக்கு இது போதும். ஒரே ஒரு இடத்தில் எல்லாரும் திணறுவார்கள்: வீட்டு பிளானில் டைமன்ஷன் போட்டால் எண் புள்ளி மாதிரி தெரியும். ஏனென்றால் எழுத்தின் உயரம் 2.5 மி.மீ., சுவரோ ஒன்பதாயிரம். டிராயிங் பிரிஃபரன்ஸில் டைமன்ஷன் பக்கத்தில் ஜெனரல் ஸ்கேல் என்று இருக்கும், 1:50-க்கு அங்கே 50 போடுங்கள். டிராயிங்கில் எழுத்து 125 மி.மீ. ஆகும், பேப்பரில் சரியாக 2.5 வரும். இது தெரியாமலேயே "லிப்ரேகேட் வேஸ்ட்" என்று தூக்கிப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் உண்மையான தடை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இல்லை, ஃபைலில்தான் இருக்கிறது. ஆட்டோகேட் படத்தைச் சேமிக்கும் டிடபிள்யூஜி (DWG) ஃபைல் வடிவம், ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் கம்பெனியின் சொந்தச் சரக்கு, அதன் உள்ளமைப்பை அவர்கள் வெளியிடுவதில்லை. லிப்ரேகேட் சேமிக்கும் டிஎக்ஸ்எஃப் (DXF) வடிவமும் அவர்களுடையதுதான், ஆனால் அதன் விவரத்தை வெளியிட்டிருக்கிறார்கள், சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தே படிக்கலாம். CIRCLE என்று ஒரு வரி, கீழே 10, 20 என்ற குறிகளுக்கு அடுத்து மையப்புள்ளி, 40-க்கு அடுத்து ஆரம், 18 மி.மீ. ஓட்டை என்றால் அங்கே 9 என்று இருக்கும். லேசர் கட்டிங் கடைக்காரர்கள் பெரும்பாலும் கேட்பதும் இதைத்தான். கொடுக்கும்போது அளவு மில்லிமீட்டர் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், அவர்கள் மெஷினில் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் பிளேட் 25.4 மடங்கு ஆகி நிற்கும் (அதைப் பார்த்து அவர்கள் போனில் பேசும் தொனியே தனி).

எப்போதாவது டிடபிள்யூஜி வந்தால் ஓடிஏ ஃபைல் கன்வெர்ட்டர் இலவசம், லினக்ஸிலும் ஓடும், டிஎக்ஸ்எஃப்பாக மாற்றிக்கொள்ளலாம். அல்லது கொஞ்சம் செலவு செய்து கியூகேட் ப்ரொஃபெஷனல் வாங்கிவிடுங்கள், அது டிடபிள்யூஜியை நேராகவே திறக்கும். ஓசியில் கொடுக்கிறார்களே என்று ஏதோ கம்பெனியின் மூடிய மென்பொருளை மட்டும் நம்பி இறங்காதீர்கள். டிராஃப்ட்சைட் என்ற வரைபட மென்பொருளை அப்படித்தான் எத்தனையோ லினக்ஸ்காரர்கள் நம்பியிருந்தார்கள், 2019-ஓடு இலவசப் பதிப்புக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள்.

இத்தனையும் தனியாக வரைந்து, பிரிண்டோ டிஎக்ஸ்எஃப்போ கொடுப்பவர்களுக்குத்தான். தினமும் ஆர்க்கிடெக்ட்டோடு டிடபிள்யூஜி பரிமாறிக்கொண்டு, எக்ஸ்ரெஃப் (வேறு டிராயிங்கை இணைத்துக் காட்டுவது), டைனமிக் பிளாக் (அளவு மாற்றக்கூடிய ஆயத்த உருவம்) என்று வேலை செய்கிறவர் என்றால், ஆட்டோகேட் மாதிரியான பிரிக்ஸ்கேட் என்ற மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது, காசு கட்டி வாங்க வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் பேசாமல் விண்டோஸ் 11 ஏறும் கம்ப்யூட்டர் ஒன்றை செகண்ட்ஹேண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.